சிங்கப்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில்

சனிக்கிழமை காலையில் வெண்மதி பூ வைத்துக்கொண்டால் சிதம்பரம் கிளம்புகிறாள் என்று முதுநகரில் எங்கள் தெருவுக்கே தெரியும். புருஷன் செம்பியன் சிங்கப்பூரில். இவள் வாரம் தவறாமல் அங்கே யாரைப் பார்க்கிறாள்? நாங்கள் கேட்காத நாளில்லை, எங்களுக்குள்தான்.

அன்று மாமியார் தில்லையம்மாள் வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"கோயிலுக்குத்தான் அத்தே..."

"தெரு சிரிக்குதுடி. அவன் அங்க கெடக்குறான், உனக்குப் பூ கேக்குது. இப்ப போனா திரும்பி வராத."

வெண்மதி பூவை எடுத்து மாமியார் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

உண்மையில் செம்பியன் கிடந்தது கேப்பர் மலை ஜெயிலில். கூலிக்கு, தெரிந்தேதான், போதைப் பொட்டலம் சுமந்து 2004-ல் பிடிபட்டான், பத்து வருஷம். அவன் தங்கை மலர்க்கொடிக்கு வரன் அமைய வேண்டுமே! தில்லையம்மாள் புதுச்சேரியில் கோடாலித் தைலம் வாங்கி வந்து, மகன் அனுப்பியதென்று தெருவுக்கே கொடுத்தாள். நாங்களும் தேய்த்துக்கொண்டோம். மருமகளைச் சாமி படத்தின் முன் நிறுத்தி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கினாள்: கோர்ட்டு வாசலை மிதிக்கக் கூடாது. யாராவது பார்த்துவிட்டால்? மலர்க்கொடி நெல்லிக்குப்பத்துக்கு வாழப் போன பிறகும் அந்தச் சத்தியத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

2008-ல் ஒருநாள் மனு போட்டுப் பார்க்கப் போனவளிடம் செம்பியன் சொன்னான்: இனி பொட்டலத்தின் மொத்த எடை கணக்கில்லையாம், கலப்பு போக அசல் சரக்கின் எடைக்குத்தான் தண்டனையாம். அவன் சுமந்ததில் முக்கால்வாசி வெறும் மாவு. கலப்படக்காரனால் ஒரு குடும்பத்துக்கு நல்லது நடக்குமென்று யார் கண்டது?

அப்பீலுக்குக் கடலூரில் வக்கீல் பிடித்தால் கண்கள் அதிகம். எனவே சிதம்பரத்தில் கலியமூர்த்தி வக்கீல். அதுவும் அவர் வீட்டில். வீடு கோர்ட்டு இல்லையே. மாமியாரிடம் சொல்லவில்லை; முதல் தீர்ப்பன்று விடுதலை என்று நம்பிப் பாயசம் வைத்த மாமியார், பத்து வருஷம் என்றதும் அந்த வாரமே படுக்கையில் விழுந்திருந்தாள்.

பூவைக் கழற்றிக் கொடுத்துப் போனவள் அந்த வாரம் முழுக்க வரவில்லை. யாரோடு ஓடினாள் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

பிறகு ஒரு மத்தியானம் டவுன் பஸ் நின்றது. வெண்மதியும், துணிப்பையோடு செம்பியனும் இறங்கினார்கள். சிங்கப்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவன் எங்கள் தெருவில் அவன் ஒருவன்தான்.

"இருந்த வரைக்கும் போதும்னு விட்டுட்டாங்கம்மா. எல்லாம் இவ அலைஞ்சது. கோர்ட்டுப் படி மட்டும் ஏறவே இல்ல. தீர்ப்பு அன்னிக்குக்கூட வக்கீல் வூட்டுலயே உக்காந்திருந்தா."

தில்லையம்மாள் மருமகளின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அழுகை வந்தது.

"சொல்லியிருக்கலாமேடி..."

"தோத்துப் போயிருந்தா, அத்தே?" என்றாள் வெண்மதி. "நான் கொஞ்சம் படுத்துக்கிறேன்." பாய்கூட விரிக்காமல் தரையில் சாய்ந்தாள்.

தலைவலிக்குத் தைலம் கேட்கிற சாக்கில் நாங்கள் வாசலுக்குப் போய்விட்டோம். தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சிங்கப்பூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்புள்ள இத்தினி வருஷமும் மலை ஜெயில்லதான் இருந்தான். நெல்லிக்குப்பத்து சம்பந்திக்கும் போய்ச் சொல்லுங்க. இப்ப சத்தம் போடாம போங்க... எம் மருமவ தூங்குறா."