ஆறாவது ஆணி

அன்று காலை லோஜனா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஹோலில் அவள் கணவன் நிருபன் மண்ணிறக் கிட்டாரை மடியில் வைத்து, பின்னேரம் குழுவோடு வாசிக்க இருந்த பாட்டின் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஓரிடத்தில் வாசிப்பு சட்டென்று நின்றது. கம்பி அறுந்துவிட்டதோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவன் காலால் தரையில் நான்கு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்தான்.

“இந்த இடத்தில எல்லாரும் நிப்பாட்டுவினம்,” என்றான். “நாலு தட்டுக்கு ஒரு சத்தமும் இராது. பிறகு நான் மட்டும் வாசிப்பன்.”

“நீங்கள் வாசிக்காட்டி?”

“என்ன செய்யிறது? எல்லாரும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பினம்.”

அவள் சிரித்தாள். வெளியே வான் வந்து ஹோர்ன் அடித்தது. மண்ணிறத்தை அதன் ஆணியில் மாட்டிவிட்டுத் தன்னுடைய சிவப்புக் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“இஞ்சேரும், அந்த மண்ணிறத்தின்ர கம்பியை மட்டும் இளக்கி விடும். மறந்திடாதேயும்.”

ஓம் என்றாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. பிறகு செய்யலாம் என்று நினைத்தாள்.

உட்துறைமுக வீதியை ஒட்டிய அந்தச் சிறிய வீட்டின் ஹோல் சுவரில் ஆறு ஆணிகள் இருந்தன. ஆறாவது ஆணி சிவப்புக் கிட்டாருக்கு உரியது. அந்தக் கிட்டாரை மட்டும்தான் நிருபன் கடையில் புதிதாக வாங்கினான். மற்ற ஐந்தும் செத்தவர்களுடையவை. உயிரோடு இருக்கிறவன் விற்கிற கிட்டாரில் ஏதோ பிழை இருக்கும், செத்தவனின் கிட்டாரில் பிழை இராது என்பது அவனுடைய நியாயம். செத்த வீட்டுக்குப் போய், படத்துக்கு முன்னால் பழைய கம்பிகளை வெட்டிக் கழற்றிவிட்டுத்தான் கிட்டாரைக் கையில் எடுப்பான். கதையைக் கேட்காமல் எதையும் கொண்டுவந்ததில்லை.

மண்ணிறம், தேவாலயத்தில் பாட்டுப் பழக்கிய வின்சன்ற் மாஸ்டருடையது. துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பல் கயிறு ஒன்று அவருடைய இடது சுண்டுவிரலைக் கொண்டுபோய்விட்டது. மிச்ச மூன்று விரலால் நாற்பது வருடம் கம்பி பிடித்தார். கறுப்பு, சம்பூர் பெண் ஒருத்தியுடையது. இரண்டாயிரத்து ஆறில் ஊர் இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டுக் கிட்டாரைச் சுமந்தவள். விரல் வைக்கும் இடங்களுக்குச் சிவப்புக் கியூட்டெக்ஸால் பொட்டு வைத்திருந்தாள். முகாமில் காய்ச்சலில் போய்விட்டாள். பன்னிரண்டு கம்பிக் கிட்டார் சாம்பல்தீவுச் சகோதரர் இருவருடையது. ஒருவன் கம்பியை அழுத்த மற்றவன் மீட்டுவானாம். சுனாமி இருவரையும் கொண்டுபோனது. கிட்டார் வேலியில் தொங்கிக்கிடந்தது. மிச்ச இரண்டில் ஒன்று நிலாவெளி விடுதிச் சமையற்காரனுடையது, மற்றது ஈச்சிலம்பற்று வாத்தியார் ஒருவருடையது.

வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றின் கம்பியையும் தளர விடுவான். கடற்காற்றுக்குக் கழுத்து வளைந்துவிடும் என்பான். வேறொரு நாள், அவர்களும் கொஞ்சம் ஆறட்டும் என்றான். அவள் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் புறாமலைத் தீவுக்குப் போன கல்யாணப் படகில் பாட்டுக் குழுவும் இருந்தது. திரும்பும்போது பக்கத்தில் வந்த அலை ஒன்று படகைக் கவிழ்த்தது. எல்லாரும் மேலே வந்தார்கள். நிருபன் வரவில்லை. கிட்டாரின் தோள்வார் கழுத்தில் மாட்டியிருந்ததைக் கண்டதாக மேளம் அடிக்கும் பாயிஸ் சொன்னான். கழற்று, கழற்று என்று கத்தினானாம். நிருபன் கழற்றவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். பிறகு படகுகள் தங்கள் வேலைக்குப் போய்விட்டன.

நான்காம் நாள் மத்தியானம் துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது. அந்த நீண்ட ஊதலுக்கு ஹோல் சுவரில் ஏதோ மெல்ல ரீங்கரித்தது. லோஜனா போய்ப் பார்த்தாள். மண்ணிறம். அவள் இளக்க மறந்த கம்பிகள் தானாக அதிர்ந்துகொண்டிருந்தன. முறுக்கிய கம்பி வேறு சத்தத்துக்கு அதிரும் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருடமாக அவனோடு இருந்தவள். கப்பல் ஓய்ந்தது. ரீங்காரம் இன்னும் கொஞ்சம் இருந்து தேய்ந்து அடங்க வேண்டும்.

தேயவில்லை. நின்றது. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் யாரோ வைத்து அமர்த்தியதுபோல.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் பிறகு அவளால் நம்ப முடியவில்லை. சந்தோஷம் வந்தது. ஓடிப்போய் மரத்தில் கன்னத்தை வைத்து, வந்திட்டீங்களோ என்று கேட்டாள். பழைய மெழுகின் மணம். அதற்குள் மெல்லியதாக, கருகிய மெழுகுதிரியின் மணம். வீட்டில் அவர்கள் மெழுகுதிரி கொளுத்துவதில்லை.

அடுத்த நாள் கறுப்பை முறுக்கினாள். போனில் சுருதி பார்க்கிற அப்பைப் போட்டு அருகில் வைத்து, அதில் பச்சை விளக்கு எரியும்வரை கழுத்து முனைச் சாவிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு கிட்டாருக்கு வருகிறவன் எல்லாவற்றுக்கும் வருவான் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று கிழமைக்குள் ஐந்தும் முறுக்கி நின்றன. கப்பல் ஊதும்போதெல்லாம் சுவர் முழுக்க முனகும். ஒவ்வொன்றாக அமரும். அவள் எதிரே கதிரையில் இருந்து சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். சில நேரம் ஹோலில் காய்ச்சல்காரரின் வியர்வை மணந்தது. சில நேரம் சேறு. நிருபனின் மணம் ஒருநாளும் வரவில்லை.

முப்பதாம் நாள் பின்னேரம் கிண்ணியாவிலிருந்து பாயிஸ் வந்தான். அவர்கள் குழுக்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. வாசித்தவன் செத்தால் முப்பத்தோராம் நாள் கூட்டாளிமார் குறட்டோடு வந்து அவனிடமிருந்த எல்லாக் கிட்டார்களின் கம்பிகளையும் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். காலையில் எல்லாரும் வருவதைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான்.

லோஜனா வெட்ட விடமாட்டேன் என்றாள். உடம்பு கிடைக்கவில்லை, கிடைக்காத மனிசனுக்கு என்ன முப்பத்தொன்று என்று கேட்டாள். அவர் வருகிறார், தனக்குக் கேட்கிறது என்றாள். பாயிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தங்கச்சி, இதெல்லாத்தையும் ஆர் முறுக்கின?”

“நான்தான்.”

“ஏன்?”

“அவர் வாறதுக்கு, பாயிஸ் நானா.”

பாயிஸ் மெதுவாக எழுந்து, கிட்டார்களைத் தொடாமல் அவற்றின் முன்னால் நடந்தான். வெற்று ஆணியருகில் நின்றான்.

“அவன்ட கிட்டார் அவனோட போயிட்டு,” என்றான். “இதில ஒண்டும் அவன்டது இல்ல, தங்கச்சி. ஒவ்வொண்டுக்கும் வேற வேற ஆள் இரிக்கி.”

மண்ணிறத்தின் சாவியொன்றைத் திருப்பப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் பார்த்தான். பிறகு கையை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். வானம் இருண்டு வந்தது. விடிந்ததும் வருகிறேன், இன்றைக்கு நீங்கள் இங்கே நிற்க வேண்டாம், என் வீட்டுக்கு வாங்க என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அவள் மாட்டேன் என்றாள். மோட்டார்சைக்கிள் சத்தம் வீதி முனையில் தேய்ந்தது.

மழை தொடங்கியது. ஆறு மணி ஆகவில்லை. கரண்ட் போனது. ஓட்டில் விழுந்த மழை, பீலியில் ஓடிய தண்ணீர், எதிர்வீட்டு மதில் ஓரத்தில் ஒதுங்கிய, ஊருக்குள் திரிகிற மான்களின் குளம்படி எல்லாம் தெளிவாகக் கேட்டன. ஆனால் அவற்றுக்கு இப்பால், இந்த ஹோலுக்குள், ஓர் ஒடுங்கிய இடத்தில் பல பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது உண்டாகிற அந்தக் கனமான அமைதி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள். அந்தச் சொல் அவளுக்குள் இறங்கிக்கொண்டேயிருந்தது. மெழுகுதிரி. காய்ச்சல். சேறு. இத்தனை நாளாக அவள் யாருக்கு முன்னால் இருந்து அழுதாள்?

கப்பல் ஊதியது. ஐந்து கிட்டாரும் முனகின. ஐந்தும் ஒரே நேரத்தில் அமர்ந்தன.

அவள் போனின் டோர்ச்சைப் போட்டாள்.

கம்பிகள் அழுந்தியிருந்தன. தொடுவாரில்லாமல், கழுத்து மரத்தோடு சேர்ந்து, பள்ளம் விழுந்து அழுந்தியிருந்தன. மண்ணிறத்தில் மூன்றே இடத்தில். கறுப்பில் சிவப்புப் பொட்டுகளின்மேல். பன்னிரண்டு கம்பியில் மேலே ஒருவன் அழுத்தியிருக்க, கீழே துளையருகில் இன்னொருவனின் கை பட்டுக் கம்பிகள் நடுங்கின. எல்லாரும் விரல் வைத்து ஆயத்தமாக இருந்தார்கள்.

கறுப்பின் சாவியைத் திருப்பினாள். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. நகம் உடைந்தது. வாசல் நான்கு அடி தூரத்தில்தான் இருந்தது. அவள் போயிருக்கலாம்.

போகவில்லை. விடிந்தால் குறடு வரும். வெட்டிவிட்டால் அவன் செத்தவன். கடலுக்குள் எங்கோ அவன் கழுத்தில் சிவப்புக் கிட்டார் இன்னும் மாட்டியிருக்கிறது. அதன் கம்பிகளும் முறுக்கித்தான் இருக்கின்றன. அவற்றை இளக்க ஆளில்லை. இவர்கள் வாசித்தால் அவனுக்குக் கேட்கும். கேட்டால் திசை தெரியும். இது ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

சுவரில் கையை வைத்தாள். பாட்டைத் தொடங்க அவன் கிட்டார் மரத்தில் தட்டுவதுபோலவே நான்கு முறை தட்டினாள்.

வாசித்தார்கள்.

அந்தப் பாட்டுத்தான். அன்று காலைப் பாட்டு. ஒருவரும் பிழை விடவில்லை. சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மழைச் சத்தம் அடங்கிப்போனது. வாருங்கோ, வாருங்கோ என்று அவள் துறைமுகப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டாள். சாரல் முகத்தில் அடித்தது. கரியதாகக் கிடந்த தண்ணீரில் ஒன்றும் அசையவில்லை.

நடுப்பகுதி வந்தது.

எல்லாரும் நிறுத்தினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒருவரும் வாசிக்கவில்லை.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. கொஞ்சம் வேகமாக. அதே இடம். நிறுத்தம். நான்கு தட்டு. மறுபடியும். மறுபடியும். அவள் காதைப் பொத்தினாள். பற்களில் கேட்டது. காணும், நிப்பாட்டுங்கோ என்று கெஞ்சினாள். சுவரில் அறைந்தாள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, அவள் கையிலிருந்த போனின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

நிறுத்தம்.

இந்த முறை பாட்டு திரும்பத் தொடங்கவில்லை.

சுவரோடு ஒட்டித் தொங்கிய கிட்டார்கள் அசைந்தன. முதலில் மண்ணிறம். பிறகு கறுப்பு. பிறகு மற்றவை. ஒவ்வொன்றாகத் தங்கள் ஆணிகளில் திரும்பின. ஐந்து கறுத்த துளைகளும் ஆறாவது ஆணியைப் பார்த்தன.

பார்த்துக்கொண்டு நின்றன.

பிறகு, மரம் உரசும் சத்தத்தோடு, மெதுவாக, அவன் வாசிக்காத இடத்தை அவளிடம் கேட்பதுபோல, அவள் பக்கம் திரும்பின.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆறாவது ஆணி வெறுமையாகவே இருந்தது.