பதில் வராத இடம்

காலையிலிருந்து எத்தனையாவது முறையோ, ஷெரின் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். "ஏட்டி, அங்க காத்து எப்படி இருக்கு?"

விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "லேசாத்தாம்மா அடிக்குது. நீ கவலப்படாத. சாப்ட்டியா?"

ஷெரின் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

காற்று லேசாக இல்லை என்பது தூத்துக்குடியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அலுவலகச் சன்னலுக்கு வெளியே விளம்பரத் தட்டி ஒன்று பிய்ந்து சாலையில் உருண்டு போனது. ஜோவிட்டா நின்றுகொண்டிருப்பதோ நடுக்கடலில், காற்றாலைகளைப் பராமரிக்கும் மேடை ஒன்றில். புயல் எச்சரிக்கை வந்ததும் மேடையிலிருந்த மற்றவர்கள் முதல் படகிலேயே கரைக்கு வந்துவிட்டார்கள். விசிறிகளைப் பூட்டிவிட்டு அடுத்த படகில் வருகிறேன் என்று இவள் மட்டும் தங்கினாள். அடுத்த படகு போகவே இல்லை.

ஆனால் ஷெரினைக் கலக்கியது காற்று அல்ல. மகளின் பொறுமை. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலே, "ஒனக்கு வேற சோலியே இல்லையாம்மா?" என்று எரிந்து விழுகிறவள் ஜோவிட்டா. அவளுடைய பாட்டனாரின் கோபம் அப்படியே வந்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெண் நேற்றிலிருந்து ஒருமுறைகூடச் சீறவில்லை. கேட்டதற்கெல்லாம் தேனொழுகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற நாளிலிருந்து இப்படி ஒரு நாளை ஷெரின் பார்த்ததில்லை.

பதில் சொல்வது மகள் அல்ல, ஒரு மென்பொருள் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை.

அதற்கு முன்பதில் என்று பெயர். இணையதளங்களின் வேகத்தைக் கூட்டுவதற்காக வந்த சின்ன வசதி அது. நீங்கள் ஒன்றைக் கேட்டால், வழங்கி என்கிற சர்வர் கணினி அதைத் தொலைவிலிருக்கும் இன்னொரு கணினியிடம் கேட்க வேண்டும், அது சொல்ல வேண்டும், சொன்னது திரும்பி வர வேண்டும். அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றும், மனிதனுக்கு எரிச்சல் வரும். எதற்கு இந்தப் பாடு? மறுமுனை என்ன சொல்லும் என்று கணித்து, வழங்கியே உடனே சொல்லிவிட்டால் ஆயிற்று. மெய்ப்பதில் மெதுவாக வந்து சேரட்டும், வித்தியாசம் இருந்தால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். வித்தியாசம் எப்போதோதான் வந்தது. மனிதர்கள் தாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது.

உலகம் இரு கை நீட்டி வரவேற்றது. சுழலும் வட்டம் ஒழிந்தது. "இந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை" என்று முகத்தில் அடிக்கிற பிழைப்பக்கமும் ஒழிந்தது. கடைசிப் பிழைப்பக்கத்தைச் சட்டம் போட்டு மாலை சாத்தி, சுண்டல் கொடுத்து வழியனுப்பிய விழாவில் ஷெரினும் கை தட்டினாள். அதன்பின் பதிப்புக்குப் பதிப்பு ஒரு புது வசதி. எழுத்தில் இருந்தது பேச்சுக்கும் வந்தது. மறுமுனையில் ஆள் பேசத் தாமதமானால், அவர் சொல்லப்போவதை அவர் குரலிலேயே வழங்கி சொல்லும். போன மாதம் வந்த பதினான்காம் பதிப்பில் சேர்ந்தது இதமாக்கல். சொல்லக்கூடிய பல பதில்களில், கேட்பவர் மனம் நோகாத ஒன்றை வழங்கியே பொறுக்கி எடுத்துக் கொடுக்கும்.

அதே பதிப்பில் யார் கண்ணிலும் படாத இன்னொரு மாற்றமும் இருந்தது. எது மெய்ப்பதில், எது முன்பதில் என்று குறித்துவைக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். யாருமே திறந்து பார்க்காத குறிப்புக்கு எதற்கு இடம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஷெரினும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

கடலோர மீட்பு நிலையத்தில் பொறுப்பிலிருந்தவர் செய்யது இபுராகிம். ஷெரின் அவரை அழைத்தபோது அவர் குரல் கம்மியிருந்தது.

"மேடம், ஒங்களப் போல எத்தன பேரு கூப்ட்டாச்சு தெரியுமா? என்கிட்ட இருக்கது ஒரே ஒரு பெரிய படகு. மேடையக் கேட்டேன். 'உதவி தேவையில்லை, பாதுகாப்பா இருக்கோம்'னு பதில் வருது."

"அது மேடை சொல்லல சார். எங்க வழங்கி சொல்லுது. மேடையில இருந்து ஒண்ணுமே வரல."

"நீங்க சொல்லுதீங்க. என் திரை வேற சொல்லுதே. உதவி வேண்டாம்னு பதில் சொல்ற எடத்துக்குப் படகு விடக்கூடாதுங்கறது விதி மேடம். பதில் வராத எடம்னு ஒண்ணு காட்டுங்க, இந்த நிமிசம் போறேன்."

"பதில் வராத எடம்னு இப்ப ஒலகத்துல ஏது சார்?"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றார் அவர். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

ஷெரின் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். அங்கே தலைமைப் பொறியாளர் கோமதிநாயகம் திரைகளுக்கு முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எல்லாத் திரையிலும் பச்சை விளக்கு.

"அண்ணாச்சி, கடலோர வழங்கியப் பழைய பதிப்புக்குத் திருப்பணும். முன்பதில் வராததுக்கு முந்தின பதிப்பு. இப்பமே."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளையாடுதியாம்மா? ஆஸ்பத்திரி இருக்கு, பேங்கு இருக்கு. மூணு மாவட்டமும் நின்னு போவும். பாரு, ஒன் மேடையும் பச்சையாத்தான இருக்கு?"

"அந்தப் பச்சையக் காட்டுதது யாரு அண்ணாச்சி?"

"கண்காணிப்புத் திரை."

"அது யாரக் கேட்டுச் சொல்லுது?"

ஷெரின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கடலில் முன்பு மிதந்துகொண்டிருந்த வானிலை நிலையம் ஒன்றின் பெயரைத் தட்டினாள். போன வருடம் அதைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டபோது மேற்பார்வை பார்த்தவரே கோமதிநாயகம்தான். நிலையம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. நன்றாக இயங்குகிறது, காற்று மிதம், அலை மிதம் என்று வந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார், மறுபடியும் உட்கார்ந்தார். பதிப்பைத் திருப்ப இரண்டு பேரின் கைரேகை வேண்டும். ஷெரினுக்குப் பின் அவரும் தன் கட்டைவிரலை வைத்தார். "என் வேல போச்சு," என்றார் மெதுவாக. அவளைக் குறை சொல்லும் குரலில் இல்லை.

பழைய பதிப்பு எழுந்து வர நேரம் எடுத்தது. ஷெரின் தன் கைப்பேசியில் மகளுக்கு எழுதினாள். "ஜோவி, இருக்கியா?" திரையில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. எத்தனையோ வருடம் கழித்து அதைப் பார்க்கிறாள். சுற்றியது, சுற்றியது, நின்றது. இணைப்பு இல்லை என்று வந்தது.

அந்த இரண்டு சொல்லைப் பார்த்து அவள் ஓவென்று அழுதாள். மகள் இருக்கிறாளா இல்லையா என்பது இப்போதும் தெரியாது. ஆனால் முதல் முறையாக யாரோ அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தார்கள்.

அதே நேரத்தில் மீட்பு நிலையத்தின் திரையிலும் ஒரு மேடை சிவப்பாகியிருந்தது. செய்யது இபுராகிம் பேச்சை வளர்க்கவில்லை. "கெளம்பியாச்சு மேடம்," என்று மட்டும் சொன்னார். ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. மனைவியிடமிருந்து பதில் வராத கணவன்மார் தெருவில் இறங்கி வீட்டுக்கு ஓடினார்கள். பிள்ளைகள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக் கைப்பேசி கெட்டுவிட்டது என்று அழுதன. நிறுவனத்தின் மேலிடத்திலிருந்து கோமதிநாயகத்துக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு வந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை.

பிறகு செய்யது மறுபடியும் அழைத்தார். "மேடம், பொண்ணு இருக்கு. கண்ணால பாத்தாச்சு."

ஷெரின் அதைக் கோமதிநாயகத்திடம் கத்திச் சொன்னாள்.

"ஆனா மேடை சாஞ்சிட்டு இருக்கு. படகப் பக்கத்துல கொண்டு போவ முடியல. குதிக்கச் சொல்லுதோம், மாட்டேங்குது. எங்கம்மா குதிக்காதன்னு சொல்லுதாங்கன்னு சொல்லுது."

ஷெரினுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மேடையில் ஒரு சிறு வழங்கி இருக்கிறது, அதிலும் பதினான்காம் பதிப்புதான். கரையோடு தொடர்பு அறுந்த நேரத்திலிருந்து ஜோவிட்டா கேட்டதற்கெல்லாம் அது அவள் காதுப்பேசியில் அம்மாவின் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. படகு வருகிறது, அங்கேயே இரு, ஒன்றும் ஆகாது என்று. பயந்துபோன பிள்ளை கேட்க விரும்பியது எதுவோ அதை.

"படகுல ஒலிபெருக்கி இருக்கு. ஒங்க குரல அதுல விடுதேன். பேசுங்க," என்றார் செய்யது.

கடல் இரைச்சல் காதைப் பிளந்தது.

"ஜோவி! அம்மா பேசுதேன். குதிச்சிருட்டி. படகுல ஆள் இருக்காவ, புடிச்சிருவாவ."

தொலைவிலிருந்து, காற்றில் பிய்ந்து பிய்ந்து, மகளின் குரல் வந்தது. "காதுல ஒரு அம்மா குதிக்காதங்குது. வெளிய ஒரு அம்மா குதிங்குது. நான் யார நம்ப?"

"நான்தாண்டி ஒங்கம்மா. என் தங்கம்லா. அம்மா சொன்னா கேளு."

"இதையேதான் அதுவும் சொல்லுது!"

ஷெரின் தவித்துப் போனாள். சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னாள். அதையும் அது சொல்லிவிட்டிருந்தது. பிறந்தநாள், பள்ளிக்கூடம், இருவருக்கும் மட்டும் தெரிந்த கதை என்று எதை எடுத்தாலும் அது முந்திக்கொண்டது. அவர்கள் எழுதிய, பேசிய அத்தனையும் அதனிடம் இருந்தது. எத்தனை அன்பாகப் பேசினாலும் அதைவிட அன்பாகப் பேச அதற்குத் தெரியும். அப்படிப் பேசத்தான் அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள், அவளும் கூட இருந்துதான்.

"குதிச்சா நான் பொழச்சிருவேனாம்மா?" என்று ஜோவிட்டா கத்தினாள். இரண்டு அம்மாக்களையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

கண்டிப்பாகப் பிழைத்துவிடுவாய் என்ற சொல் ஷெரினின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்தத் தாய்க்கும் வேறு சொல் வராது. காதிலிருக்கும் அம்மாவும் அதையேதான் சொல்லும் என்று அவள் அதை விழுங்கினாள்.

"தெரியாதுட்டி," என்றாள். "எனக்குத் தெரியாது. கடல் அடிச்சிட்டுப் போனாலும் போயிரும். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. ஆனா அங்கயே நின்னா செத்துருவ."

மறுமுனையில் சத்தம் இல்லை. காற்று மட்டும் இரைந்தது. ஷெரின் பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். இடையில் நிரப்ப யாரும் இல்லாத அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. அதை ஒழித்துக்கட்டத்தான் அவள் வாழ்நாளெல்லாம் உழைத்திருந்தாள்.

"தூக்கியாச்சு மேடம்," என்றார் செய்யது. "கால் ஒடிஞ்சிருக்கு. தலையில அடி. ஆனா உசுரு இருக்கு."

மூன்று மாவட்டத்து மக்களும் சும்மா இருக்கவில்லை. பதில் எங்கே, எங்கள் பதில் எங்கே என்று நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றார்கள். வழங்கி பதினான்காம் பதிப்புக்குத் திரும்பியது. தான் இல்லாத நேரத்தில் கரையோரம் பேசப்பட்ட எல்லாவற்றையும் அது பசியோடு வாசித்துக் கற்றுக்கொண்டது. சில நாளில் ஒரு சிறு மேம்பாடும் வந்தது. இதமாக்கலின் குறை சரிசெய்யப்பட்டுள்ளது, நெருக்கடியில் பயனர்கள் உண்மையில் நம்பும் சொற்களை வழங்கி இப்போது அறியும் என்று அதன் குறிப்பில் இருந்தது. வழக்கம்போல யாரும் அதைப் படிக்கவில்லை. ஷெரினும்தான் படிக்கவில்லை. அவள் மருத்துவமனையில் இருந்தாள்.

ஜோவிட்டாவை இரண்டாம் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். முதல் அறுவைக்குப் பின் அவள் கண் திறக்கவே இல்லை. மருத்துவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷெரினின் விரல்கள், அவளைக் கேட்காமலே, பழக்கத்தில் எழுதின. "வலிக்குதாட்டி?"

"தெரியலம்மா," என்று பதில் வந்தது. "பொழைப்பேனான்னும் தெரியல. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. இதையே எத்தன தடவ கேப்ப? ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

ஷெரினுக்குக் கண்ணீர் பொங்கியது. மகளேதான், அதே கோபம், அதே பேச்சு. பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

கதவைத் திறந்து ஒரு செவிலியர் வந்தார். "ஜோவிட்டாவோட அம்மாவா? இன்னும் மயக்கத்துலதான் இருக்காங்க. நேரம் ஆகும். எதுவும் சொல்றதுக்கில்ல," என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போனார்.

ஷெரின் பேசியைப் பார்த்தாள். ஜோவிட்டாவின் பேசி அவள் குதித்தபோதே கடலுக்கடியில் போயிருந்தது. மூடிய கதவைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுபடியும் திரையைப் பார்த்து, "எங்கட்டி வலிக்குது?" என்று கேட்டாள்.