மூன்றாம் அறையின் சவுரி

"இந்தப் படத்துல ரெண்டாவது சிடிய எவனும் வெளியவே எடுக்கலடா. உறைய நான் மடிச்ச மடிப்பு அப்படியே கீது பார்."

"அப்ப டப்பா படமா இருக்கும் பாவா."

"டப்பான்னா பாதியில நிறுத்திட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பான். ஏழு பேர் எடுத்துனு போனாங்க. ஏழு பேரும் மொத சிடிய முழுசா பார்த்துட்டு, ரெண்டாவத தொடாம கொண்டாந்து வெச்சிட்டு, ஒரு வார்த்த பேசாம போய்ட்டாங்க. இதான் நம்ம மூணாவது ரூம்பு."

ராஜேஷ் அந்த சிடியை மற்ற இரண்டின் மேல் வைத்தான். அரக்கோணம் சாலையில் அவனுடைய சிடி கடை. கடைக்குப் பின்னால் பையன்கள் விளையாட இரண்டு கணினிகள். எதிரில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்த பங்காரு அவனுடைய தாய்மாமன் மகன், பந்தல் போடுகிறவன்; முறைக்குத் தெலுங்கில் 'பாவா' என்று கூப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், ஆடிக் கிருத்திகை மூன்று நாளும் திருத்தணியில் ஒரு பேய் வீடு போடுவது என்று இருவரும் இறங்கியிருந்தார்கள்.

பயம் எங்கே இருக்கிறது என்பது படம் எடுத்தவனுக்குத் தெரியாது, பார்த்தவன் எழுந்து போன இடத்துக்குத்தான் தெரியும் என்பது ராஜேஷின் கட்சி. முதல் அறையை அப்படித்தான் கணினி விளையாட்டிலிருந்து எடுத்தான். அதில் ஓர் ஆஸ்பத்திரி நடைவழி வரும். கடைசியில் ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரியை நெருங்கும்போது எந்தப் பையனாக இருந்தாலும் காதில் மாட்டியதைக் கழற்றிவிடுவான். இரண்டாம் அறைக்கு ஒரு தெலுங்குப் படத்திலிருந்து தானாக ஆடும் ஊஞ்சல். மூன்றாவதுதான் அந்த வெளிநாட்டுப் படம். ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே இருப்பாள். அவ்வளவுதான். முதல் சிடி முழுக்க அவள் திரும்பவே மாட்டாள்.

"யார குந்த வெக்கிறது?" என்றான் பங்காரு.

"நான் இருக்கேன்ல" என்றாள் அபி, வாசலில் நின்றபடி. ராஜேஷின் தங்கை. பத்தொன்பது வயது. "முதுகத்தானே காட்டணும். மூஞ்சிய காட்டுனா பாவாவே ஓடிடும்."

அபியின் சுருட்டை முடி தோளைத் தாண்டாது. கடையில் விற்கும் நைலான் சவுரி விளக்கில் மினுக்கும். தரையில் புரளும் நிஜ முடி வேண்டும் என்று ராஜேஷ் சித்திரையிலிருந்தே, மலையடிவாரத்தில் மொட்டை போடும் கோதண்டத்தை நச்சரித்துக்கொண்டிருந்தான். வைகாசிக் கடைசியில் கோதண்டம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்பாக, கனமாக, இடுப்புக்குக் கீழே வருகிற முடி. யாருடையது என்று ராஜேஷ் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூடிக் கிடந்த நெல் கிடங்கு ஒன்றில் பேய் வீடு எழுந்தது. சவுக்குக் கம்பு நட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிகளில் கழித்துப் போட்ட லுங்கித் துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கி, பங்காரு சுவர் கட்டினான். வெளியே ஆடி வெயிலும் பம்பைச் சத்தமும் அரோகராவும். துணியை விலக்கி இரண்டடி உள்ளே வைத்தால் கை எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியாது.

முதல் நாள் பத்து மணிக்குக் கூட்டம் உள்ளே போனது. ராஜேஷ் வெளிவாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அலமாரியில் அலறல். ஊஞ்சலில் அலறலும் சிரிப்பும். மூன்றாவதில் எந்தச் சத்தமும் இல்லை.

ஆனால் எல்லாரும் அங்கேதான் தாமதித்தார்கள்.

வெளியே வந்தவர்கள் கத்தவில்லை. ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "உள்ள கீறது என்னிய மாமான்னு கூப்புடுதுங்க" என்று ஒரு வாலிபன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு, புதுமொட்டையில் சந்தனம் பூசிய ஒரு திருவாலங்காட்டு அம்மாள் வந்து ராஜேஷின் சட்டையைப் பிடித்தாள்.

"கொழந்தைய இப்படி இருட்டுல குந்த வெச்சிகினு கீறியே, உனக்கு மனசு எப்படிப்பா வந்துது? பின்னி விடுங்கக்கான்னு கேட்டுது. ரிப்பன் வேற கையில வெச்சினு கீது. ரெண்டு பின்னு போட்டேன். அதுக்குள்ள பின்னால வரவங்க தள்ளிட்டாங்க."

"கொழந்தை இல்லம்மா. என் தங்கச்சி."

அவள் இரண்டு கைகளையும் ஒரு முழம் அகலத்துக்கு வைத்துக் காட்டினாள்.

"முதுகு இத்தினிதான் இருந்துது" என்றாள்.

ராஜேஷுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அபிக்கு இவ்வளவு நடிப்பு வருமா என்று நினைத்துக்கொண்டான். சாப்பாட்டு வேளைக்கு அவள் வெளியே வந்தபோது சொன்னான்: "குரல மாத்தி பேசுனது சூப்பர். ரிப்பன் எப்ப வாங்குன?"

"இன்னா ரிப்பன்? நான் வாயத் தொறக்கலண்ணா. யாரும் என்னத் தொடவும் இல்ல. எல்லாரும் சும்மா நின்னு பார்த்துட்டு போறாங்க."

அவள் திரும்பினாள். காலையில் அவள் தலையில் சவுரியாகக் கட்டி விரித்துவிட்ட முடி, கழுத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பின்னப்பட்டிருந்தது. நெருக்கமான, பல கைகள் போட்ட பின்னல். ஒவ்வொரு திருப்பும் ஒவ்வொரு இறுக்கம்.

பங்காரு குனிந்து மோந்தான். "சந்தன வாசன அடிக்குது பாவா. காய்ச்சலுக்குக் குடுக்கிற மருந்து வாசனையும்."

"ஈரமா கீது" என்றாள் அபி. "உள்பக்கம். வேர்வையாட்டம்."

பின்னலைப் பிரித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார வைத்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்தபோது அது இரண்டு சாணுக்கு இறங்கியிருந்தது.

மறுநாள் விடியலில் அபிக்கு உடம்பு சுட்டது. வெந்நீர் கொண்டுபோன ராஜேஷிடம், கண்ணைத் திறக்காமல், "அரக்கோணத்துல ரயிலு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். அவள் இந்த ஊரைவிட்டு எங்கும் போகிறவள் இல்லை. படுத்திரு என்று சொல்லி வெளியே தாழிட்டுவிட்டு, நேராகக் கோதண்டத்திடம் ஓடினான்.

கோதண்டம் ஒரு சின்னப் பையனின் தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கத்தியை மடக்கிவிட்டு அவனைத் தள்ளி அழைத்துப் போனார்.

"ஒரு அம்மா கூட்டியாந்துதுப்பா. எட்டு வயசு இருக்கும் கொழந்தைக்கு. ரெண்டு மாசமா காய்ச்சல். முடிய முருகனுக்குக் குடுத்துடுறேன், உசுர எனக்குக் குடுன்னு வேண்டிகினுதாம். நீ கேட்டுனே இருந்தியே, நீளமா வேணும், நெஜ முடியா வேணும்னு. அத மட்டும் கோயிலுக்குப் போற முடி மூட்டையில போடாம உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

"அதனால இன்னாண்ணே?"

"சாமிக்கின்னு சொன்னது சாமிகிட்ட போவலியே." அவர் மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "ஊருக்குத் திரும்பிப் போவும்போது, அரக்கோணம் பிளாட்பாரத்துலயே உசுரு அடங்கிட்டுதாம். ரயிலு வரதுக்குள்ள. அந்த அம்மா கூட வந்த ஆளு அப்புறம் வந்து சொன்னாரு."

ராஜேஷ் ஓரடி நெருங்கினான். "ரிப்பன் எதுனா..."

"உனக்கு யார் சொன்னது?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"கத்தி வெக்கறதுக்கு முன்ன கேட்டுது. செவப்பு ரிப்பன கையில புடிச்சினு, ஒரே ஒரு தரம் பின்னி விடும்மான்னு அழுதுது. பின்னால வரிசை நின்னுனு இருந்துது. நான்தான் நேரமாவுதுன்னு சொன்னேன்."

வீட்டுக்கு ஓடினான். வெளியே போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. உள்ளே பாய் காலியாக இருந்தது.

கிடங்கு வாசலில் பங்காரு கூட்டத்தைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தான். "அபி எப்ப உள்ள போச்சின்னே தெரியல பாவா. காலையில போய் வந்தவங்கல்லாம் முடி பின்னி விட்டோம்னாங்க. ரெண்டு தடவ கூப்டுட்டேன். வரல."

உச்சி வேளை. ராஜேஷ் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அலமாரியைத் தடவித் தாண்டினான். ஊஞ்சல் கயிறு முழங்கையில் உரசியது. பம்பைச் சத்தம் ஒவ்வொரு துணியாகத் தாண்டத் தாண்டத் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போனது. அதற்குப் பதில் வேறொன்று கேட்டது.

சீப்பு முடியில் இறங்கும் சத்தம்.

மூன்றாம் அறையில் மங்கலான சிவப்பு விளக்கு. அதன் கீழே முதுகு.

சின்ன முதுகு. ஒரு முழம் அகலம்.

பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. பின்னி முடிக்க இன்னும் நான்கு விரல்கடைதான் பாக்கி.

"அபி" என்றான்.

சீப்பு நின்றது. தோளுக்கு மேலே ஒரு கை பின்னால் நீண்டது. விரல்களில் சிவப்பு ரிப்பன்.

"மாமா."

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்த நான்கு விரல்கடையைப் பின்னி, ரிப்பனைக் கட்டிவிட்டு வந்திருப்பானோ என்னவோ. இரண்டு கைகளாலும் பின்னலைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. வேர் விட்ட செடி போல எதிர்த்தது. மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தபோது ஒரு குழந்தை வலியில் வீறிட்டது. சவுரி கையோடு வந்தது.

கீழே அபி கிடந்தாள். முழு வளர்த்தியும் அபி. உடம்பு நெருப்பாகச் சுட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்த் துணிகளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

அன்று மாலையே சவுரியை மலைக்கு எடுத்துப்போய், யாருக்கும் தெரியாமல் கோயில் மூட்டைக்குள் போட்டுவிட்டுக் கோதண்டம் இறங்கி வந்தார். ராஜேஷ் மொட்டை போட்டுக்கொண்டான். அம்மா கௌரியம்மாள் வேண்டிக்கொண்டதால் அபிக்கும் மொட்டை. பேய் வீட்டைப் பிரித்தார்கள். மூன்று சிடிகளையும் பங்காரு கல்லில் வைத்து உடைத்தான்.

காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் அபி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பங்காருவைப் பார்த்துத் தலையைத் தடவிக்காட்டி, "இப்ப இன்னா பாவா, கட்டிக்கிறியா?" என்றாள்.

"மொதல்ல முடி வளரட்டும். அப்பால பேசலாம்."

"ஆங், அதுவரைக்கும் நீ கெழவனாயிடுவ."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜேஷும் அந்த உச்சி வேளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

அடுத்த நாள் மதியம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் உள்ளறைத் தரையில் விழுந்திருந்தது. இருட்டென்று சொல்ல அந்த வீட்டில் ஒரு மூலைகூட இல்லை.

அபி சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வலது கையில் சீப்பு. அது தோளருகே தொடங்கி, வெறும் காற்றில், இடுப்பு வரைக்கும் இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றது. சிக்கலை எடுத்துவிட்டு மறுபடி இறங்கியது.

முடியில் சீப்பு இறங்கும் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அபி."

சீப்பு நின்றது. அவள் திரும்பவில்லை. இடது கை மட்டும் தோளுக்கு மேலே மெதுவாகப் பின்னால் நீண்டது. விரல்களுக்கு நடுவே, நனைந்து சுருண்ட ஒரு சிவப்பு ரிப்பன்.

"மாமா, இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. பின்னி விடுறீங்களா?"