சுண்டுவிரல் இடைவெளி

திருகாணி கைதவறிப் பலகைகளுக்கு நடுவே விழுந்தது. விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் குனிந்தபடியே காத்திருந்தாள். மரத்தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். கீழே ஜல்லி கொட்டிப் பரப்பியதே அவள்தான். உள்ளங்கைக் கொப்புளம்கூட இன்னும் ஆறவில்லை. இரும்பு கல்லில் பட்டால் ணங்கென்று கேட்க வேண்டாமா? முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, அடுத்த திருகாணிக்குக் கை நீட்டியபோதுதான் எங்கோ வெகு ஆழத்தில், தேங்கிய தண்ணீரில் எதுவோ விழுந்ததுபோல 'ளக்' என்று கேட்டது.

"கேட்டுச்சா?" என்றாள்.

தச்சர் கடைசிப் பலகையை முடுக்கிக்கொண்டிருந்தார். "என்னம்மா?"

"கீழ தண்ணி சத்தம்."

"பக்கத்து வீட்டுக் குழாயா இருக்கும்." துளைபோடும் இயந்திரம் மறுபடி இரைந்தது.

தளம் மாமனாருக்காக. போன வருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாக வாரிக்கொண்டு போயிருந்தது. பேச ஆரம்பித்தால் வீட்டை ரெண்டாக்கிவிடும் மனிதர், இப்போது 'ஆ... ஆ' என்பதோடு சரி. கொல்லைக் கதவைத் தாண்டினால் படிகள். சக்கர நாற்காலி இறங்காது. ஜன்னல் வழியாகவே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுமட்டத்துக்கு ஒரு தளம் போட்டுவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சாதா மரம் போதாதா? அப்பா என்ன அதுமேல டான்ஸா ஆடப்போறாரு?" என்றான் கணவன். அவள் கேட்கவில்லை. மரக்கடைக்குத் தானே போனாள். ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்தாள், ஓரத்தில் கண்ணை வைத்து வளைவு பார்த்தாள், கணு இருந்ததையும் நுனி வெடித்ததையும் வெளிறு ஓடியதையும் ஒதுக்கித் தள்ளினாள். கடைக்காரர் சலித்துப்போய்ப் பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே கறுப்போடிய பலகைகள் சாய்ந்து நின்றன. கணு கிடையாது. கீறல் கிடையாது. வைரம் பாய்ந்த மரம். ஒன்றைத் தூக்குவதற்குள் தோள் இறங்கிவிட்டது.

"எங்க மரம் இது?"

"அணை கட்டினப்ப ஒரு காடு, அதுல இருந்த ஊரோட அப்படியே முழுகிப்போச்சும்மா. இப்பத்தான் தண்ணிக்கடியில போய் அறுத்து எடுக்கறாங்க. இதைக் கரையான் தொடாது, உளுத்தும் போகாது. உங்களுக்கப்புறமும் நிக்கும்."

மோந்து பார்த்தாள். மரவாசனை இல்லை. வெகுகாலம் மூடிக்கிடந்த இடத்தைத் திறந்ததுபோல ஈரக் கல்லின் வாசனை. தண்ணீரிலேயே கிடந்த மரம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டது தச்சர். "மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சுண்டுவிரல் அளவாச்சும் விட்டாத்தான் தப்பிக்கும்."

மாமனாரை முதல்முறை தளத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவருடைய கோணிய உதடு மெல்ல விரிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் அங்கேதான். ஆனால் செடிகளையோ வானத்தையோ அவர் பார்க்கவில்லை. தலை தொங்க, கால்களுக்கு நடுவே இருந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பலமில்லை போலிருக்கிறது என்று அவள் தலையணை வைத்தாள். தலை மறுபடி தொங்கியது. பொழுது சாயச்சாய இடுக்குகள் வழியாக ஒரு குளிர் ஏறிவந்து கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அந்த ஈரக்கல் வாசனை துணிகளிலும் அவருடைய தலைமுடியிலும் தங்கி, ராத்திரி படுக்கையறைவரை கூடவே வரும்.

கணவனிடம் சொன்னாள். அவன் தளத்தின் ஓரத்தில் படுத்து, கீழே டார்ச் அடித்துப் பார்த்தான். "வந்து பாரு. நீ கொட்டின ஜல்லிதான். ஒரு எலிகூட இல்ல. தளம் கட்டறேன்னு சொல்லிட்டுக் கிணறு வெட்டிட்டன்னு நெனச்சியா?"

அவளும் பார்த்தாள். ஜல்லிதான். காய்ந்துகிடந்தது. எழுந்து தளத்தின் மேல் நின்றாள். காலடியில் குளிர்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் இருந்தபோது கொல்லையில் பேச்சுக்குரல் கேட்டது. திருத்தமான, பழைய குரல்.

"அப்படியா... இத்தனை பேரா? அடேயப்பா!"

பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "மாமா! பேசுறீங்க மாமா!"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய் கோணியது. "ஆ..." என்றார். அவ்வளவுதான். பிறகு தலை மெல்ல இறங்கி இடுக்குக்குப் போனது.

"கீழ பாத்து மட்டும்தாங்க பேசுறாரு. யாருக்கோ பதில் சொல்றாரு. இனிமே அங்க உக்கார வைக்க வேணாம்," என்றாள் கணவனிடம்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு வருஷமா வாயத் தொறக்காத மனுஷன் பேசுறாரு. எதைப் பாத்துப் பேசினா என்ன? கெடுத்துடாத."

ஒருநாள் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்தாள். அவர் நல்ல கையால் கதவைத் தட்டித்தட்டி, குழந்தைபோல விசும்பி அழுதார். அவளால் தாங்கமுடியவில்லை. திறந்துவிட்டாள்.

அன்று வானம் மூடிக்கொண்டு வந்தது. காற்றில்லை. இலையில் அசைவில்லை. டீ கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல், சாதாரணமாக, தெருவிலிருந்து யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல:

"இதோ வந்துட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

சக்கரத்தில் பிரேக் போட்டபடி இருந்தது. நாற்காலியின் கால்தாங்கியில் அவருடைய செருப்புகள், சேர்த்து வைத்தபடி. தோட்டத்திலிருந்து வெளியே போகும் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. செடிகளுக்குப் பின்னால் இல்லை. சுவரோரம் இல்லை. ஒரு அடி எடுத்து வைக்கமுடியாத மனிதர்.

"மாமா?"

பதில் காலுக்குக் கீழிருந்து வந்தது. பதில் அல்ல. சிரிப்பு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் சிரிப்பதுபோல, பல பேர்.

முழங்காலிட்டாள். குப்புறப் படுத்தாள். இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஜல்லி இல்லை. தண்ணீர். கறுப்பாக, ஆழமாக. நீருக்குள் இலையில்லாத கிளைகள் நின்றன. வெகு கீழே, கிளைகளுக்கு நடுவே, ஒரு வெள்ளைச் சட்டை. அண்ணாந்த முகம்.

அவள் போட்ட அலறலைக் கேட்டுத்தான், வேலையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய கணவன் ஓடிவந்தான். அவனும் இடுக்கில் பார்த்தான். கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினான். திருகாணிகள் கிறீச்சிட்டன. பலகை பெயர்ந்தது.

ஜல்லி. காய்ந்த ஜல்லி. ஒரு எறும்பு.

கையால் தோண்டினான். நகம் கிழிந்தது. மண். வெறும் மண். பெயர்த்த பலகை தானாகச் சரிந்து, தன் இடத்திலேயே பொருந்தி விழுந்தது.

"அங்க இருக்காரு!" அவள் அடுத்த இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மேல வர்றாரு!"

வந்துகொண்டிருந்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. அவருக்குக் கீழே எத்தனையோ கைகள். அவை அவரை ஏந்தி, பொறுமையாக, மேலே தள்ளின.

முகம் பலகையின் அடியில் வந்து ஒட்டியது. இடுக்கில் ஒரு கண். பிறகு வாய். கோணல் இல்லாத வாய்.

"டேய்," என்றார் மகனைப் பார்த்து. "நெறைய எடம் இருக்குடா."

"அப்பா," என்றான் அவன். குரல் குழந்தையுடையது. குப்புறப் படுத்து, இடுக்கில் விரலை வைத்தான்.

"வேணாங்க. தொடாதீங்க!"

ஒரு விரல் போனது. நாலும் போயின. புறங்கை போனது. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. மணிக்கட்டு போனது. ரத்தமில்லை. எலும்பு நொறுங்கவில்லை. அவள் அவனுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முழங்கை. தோள்.

கன்னம் பலகையில் அழுந்தியிருக்க, அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். வலி இல்லை அதில். யாரோ காதில் நல்ல சேதி சொல்லக் கேட்பவன்போல அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அப்படியே அவனுடைய காது, இடுக்குக்குள் மெல்ல இறங்கியது.