காணாமல் போன பித்தளைப் பலகை

"அதைத் திருடி யாருக்கு மேடம் என்ன லாபம்? அதுல இருக்கிறதே என் பொண்டாட்டி பேரு ஒண்ணுதான்!"

"கத்தாதீங்க சார். கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. நானே பூட்டினேன்."

காலை 9.40. பெண் இன்ஸ்பெக்டர் வெறும் சுவரை அண்ணாந்து பார்த்தார். மாலை நான்கு மணிக்கு இந்த இலவசக் கண் மருத்துவமனைக்குத் திறப்பு விழா. திரைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பலகையைக் காணோம். மருத்துவமனையைக் கட்டிக்கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கம்பெனி முதலாளி, வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரத்து மனிதர், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி நின்றார்.

"முப்பது வருஷமா உழைச்சது அவ, பேரு எனக்கு. இன்னிக்காவது அவ பேரு தனியா நிக்கணும். என் பேரும் அதுல ஏறினா விழாவுக்கே வரமாட்டேன்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன்."

"சாவி?"

"ஒண்ணு காவலாளிகிட்ட. இன்னொண்ணு எங்க வீட்டு ஆணியில. அந்தக் காவலாளியை இப்பவே வேலையை விட்டு..."

"பொறுங்க சார்."

சுவரடியில் ஒரு ஸ்டூல். ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைத்தாள். அதன்மேல் நான்கு திருகாணிகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு, பலகையில் இருந்த அதே வரிசையில்.

10.30. கம்பெனிக்குப் போன இன்ஸ்பெக்டர் யாரையும் விசாரிக்கவில்லை. வேலை மேசைகளுக்கு இடையே பத்து நிமிடம் நடந்தார். பிறகு முதலாளியம்மாவின் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க மேடம். ஆள் அகப்பட்டாச்சா?"

"ஆச்சு. நீங்கதான்."

அந்த அம்மாள் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "எப்படி?"

"காவலாளி கழட்டியிருந்தா ஸ்குரூவைப் பையில போட்டிருப்பாரு. எந்த ஓட்டையில இருந்து வந்ததோ அந்த வரிசையில தாள்மேல வைக்கிறது உங்க கம்பெனிப் பழக்கம். இங்க ஒவ்வொரு மேசையிலயும் பாத்தேன். ஆனா வேலைக்காரங்ககிட்ட சாவி இல்லை. மிச்சம் நீங்க ரெண்டு பேர். உங்க வீட்டுக்காரருக்கு அந்த உயரத்துக்கு ஸ்டூல் எதுக்கு?"

"தாளு அவர் கண்ணுல படலையா?"

"தினமும் பாக்கிறதுதானே, வித்தியாசமாத் தெரியல. காவலாளியைத் தூக்கப் போறேன்னு குதிக்கிறாரு."

"ஆள் வைக்கிறதும் அனுப்புறதும் நான்தான். அவர் சும்மா குதிப்பாரு." சிரித்தவரின் குரல் இறங்கியது. "பலகை எழுத்து வெட்டுறவர்கிட்ட இருக்கு. எங்க வீட்டுக்காரர் பேரையும் சேர்க்கச் சொல்லியிருக்கேன். முதல் கண்ணாடிக் கம்பியை எங்க ரெண்டு பேரோட நாலு கைதான் வளைச்சுது மேடம். நான் மட்டும் எப்படித் தனியா நிப்பேன்?"

"வரமாட்டேன்னு சொல்லியிருக்காரே?"

"முன்னாடியே தெரிஞ்சாத்தானே? திரையை விலக்கினப்புறம் எங்க ஓடுவாரு?"

படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். "மேடம்! துப்பு ஏதாவது கிடைச்சுதா?"

முதலாளியம்மா இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மணிக்குத்தான் பலகை வரும். அதுவரைக்கும்... ஒண்ணும் தெரியாத போலீஸா இருங்களேன், எனக்காக?"

கதவு திறந்தது.