ஏழாம் மேசையின் பாதிப் பேச்சு

"இந்தக் கடிதத்தை எழுதினது என் அக்காதான். அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்" என்றாள் வந்தவள். இன்னும் உட்காரக்கூட இல்லை.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவர் அலுவலகம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை அதிரும். காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தவர். இப்போது தனியாகத் தொழில் செய்கிறார். உதவிக்கு மனைவியின் தம்பி. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த அந்த மைத்துனர் வந்து மூன்று வருடம் ஆகிறது.

வந்தவள் மழலை வகுப்பு ஆசிரியை. ஆசிரியையாக இருந்தவள் என்று சொல்வதுதான் சரி. அவள் நீட்டிய கடிதம், பள்ளித் தலைமையாசிரியைக்கு வந்த மொட்டைக் கடிதத்தின் நகல். அச்சடித்த எழுத்து. மைத்துனர் உரக்கப் படித்தார்:

"உங்கள் மழலை வகுப்பு ஆசிரியைக்கு மூன்று மாதமாக வலிப்பு நோய் இருக்கிறது. ஒருமுறை குளியலறையில் விழுந்திருக்கிறார். தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். வருகிற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி மருத்துவரைப் பார்க்கிறார். இப்படிப்பட்டவரை நம்பிச் சின்னக் குழந்தைகளை எப்படி விடுவது? இப்படிக்கு, குழந்தைகளின் நலம் விரும்பி."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்காவை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னேன். உலகத்துலயே அவகிட்ட மட்டும்தான் சொன்னேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை லெட்டர் வந்துடுச்சு. புதன்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"நான் இல்லவே இல்லைன்னு அழுதா. ஆறு வருஷமா என் வீட்டுலதான் இருந்தா. அவ துணியெல்லாம் எடுத்து வாசல்ல வெச்சேன். இப்போ வேலை பார்க்கிற தையல் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல இருக்கா." அவள் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "வேலை போனது போகட்டும் சார். அக்காவான்னு எனக்குத் தெரியணும்."

துப்பறிவாளர் அன்று நடந்ததை நிமிடம் நிமிடமாகக் கேட்டார். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் கேட்பது அவர் பழக்கம். கேட்கப்படுகிறவருக்கு எரிச்சல் வரும். இவளுக்கும் வந்தது.

"நடந்து போறப்பவே பேச்சை எடுத்துட்டேன். பயப்படக்கூடாதேன்னு டாக்டர் சொன்னதைத்தான் முதல்ல சொன்னேன். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா பிள்ளைங்களோட வேலை பார்க்கிறதுல ஒரு ஆபத்தும் இல்லைன்னு எழுதியே குடுத்திருக்கார். மத்ததெல்லாம் ஓட்டல்ல உட்கார்ந்து சொன்னது."

"அந்தச் சீட்டைப் பள்ளிக்கூடத்துல காட்டலையா?"

"காட்டினேன். பெத்தவங்க மத்தியில பரவிடுச்சு, இனிமே எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

"தினம் ஒரு மாத்திரையா?"

"ரெண்டு. ஒண்ணுன்னு அக்காகிட்ட குறைச்சுச் சொன்னேன். அவ ஊரைக் கூட்டி அழுவா."

"வியாழக்கிழமை விஷயம்?"

"சாப்பிடறப்போ க்ளினிக்லேருந்து போன் வந்துது. வியாழக்கிழமை பதினோரு மணியா, சரின்னு சொல்லி வெச்சேன்."

"அக்கா அப்போ எதிர்ல இருந்தாங்களா?"

"கை கழுவப் போயிருந்தா. வந்தப்புறமும் சொல்லல. சொன்னா லீவு போட்டுட்டுக் கூட வருவா." பொறுமை இழந்து அவள் கேட்டாள்: "இதெல்லாம் எதுக்கு சார்?"

"சும்மாதான். மேசைப் பக்கம் யாராவது நின்னாங்களா?"

"யாருமில்ல. பக்கத்து மேசைகூடக் காலி. வெயிட்டர் வந்தார், ஆர்டர் எடுத்தார், டிஷ்யூ ஸ்டாண்டை மாத்தி வெச்சார், போயிட்டார். கிளம்பறப்போ முதலாளி மட்டும் கல்லாவிலிருந்து 'வணக்கம் டீச்சர்'னார். அவ்வளவுதான்."

அவள் படியிறங்கியதுமே மைத்துனர் துள்ளினார். "அத்தான், க்ளினிக் ஆளுங்கதான்! வியாழக்கிழமை பதினோரு மணி அவங்களுக்குத்தானே தெரியும்?"

"அவங்களுக்கு ரெண்டு மாத்திரைன்னும் தெரியுமே மாப்ள. லெட்டர்ல ஒண்ணுன்னு இருக்கு."

"அப்போ அக்காதான்." மைத்துனரின் முகம் தொங்கிவிட்டது. அக்கா தம்பி பாசத்தில் வயிறு வளர்ப்பவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

"சட்டையை மாத்திக்க. ஓட்டலுக்குப் போறோம்."

ஓட்டலில் மதியக் கூட்டம் வடியத் தொடங்கியிருந்தது. பத்து மேசைகள். கல்லாவில் முதலாளி, ஒரு காதில் மட்டும் இயர்போன். வழுவழுப்பான மெனு அட்டை. மூன்று வெயிட்டர்கள். அவர்களில் ஒருவரின் சட்டைப் பையில் சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு வில்லை ஒன்று செருகியிருந்தது. அதில் பச்சைப் புள்ளி எரிந்தது. மற்ற இருவர் பைகளிலும் வில்லை இல்லை, கிளிப் கடித்த தடம் மட்டும் இருந்தது. சமையலறைக்குப் போகும் வழியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'பட்டன் இல்லாமல் யாரும் ஹாலில் நிற்கக் கூடாது.'

வில்லை வைத்திருந்த வெயிட்டர்தான் இவர்களிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கம் இல்லை.

"இப்போ வாயைத் திறக்காதே" என்றார் துப்பறிவாளர், ஆர்டர் கொடுத்து முடித்ததும்.

மைத்துனருக்கு அது பெரிய தண்டனை. பத்து நிமிடம் சூப்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிட்டர் இவர்கள் பக்கம் இரண்டு முறை பார்த்துவிட்டு, ஜன்னலோரத்தில் ஓயாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்த கணவன் மனைவி மேசைக்கு ஒரு டிஷ்யூ ஸ்டாண்டை எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் பையில் வில்லை இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பதி பில் கொடுத்துவிட்டு, சண்டையை முடிக்காமலேயே எழுந்து போனார்கள்.

"இப்போ பேசு மாப்ள. நிறுத்தாதே."

கேட்கவா வேண்டும்? தனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை மைத்துனர் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வெயிட்டர் வந்தார், நிறைந்திருந்த டிஷ்யூ ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு, ஜன்னலோரத்து ஸ்டாண்டை இங்கே வைத்துவிட்டுப் போனார். துப்பறிவாளர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பச்சைப் புள்ளி எரிந்தது.

மைத்துனர் ஸ்டாண்டைத் தூரத் தள்ளினார். "ஐயையோ, அந்தப் பொண்ணு பேரைக்கூடச் சொல்லிட்டேனே அத்தான்!"

மாலை நான்கு மணிக்கு ஓட்டல் காலியாக இருக்கும். அந்த நேரத்துக்கு ஆசிரியையை வரச் சொன்னார் துப்பறிவாளர். மேசை துடைத்துக்கொண்டிருந்த வெயிட்டரையும் கல்லாவில் இருந்த முதலாளியையும் ஏழாம் மேசைக்கு அழைத்தார். அவளும் அக்காவும் அன்று உட்கார்ந்த மேசை அதுதான்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றார் அவளிடம். "லெட்டர்ல வியாழக்கிழமை பதினோரு மணின்னு இருக்கு. அது உங்க அக்காவுக்குத் தெரியாது. நீங்களே சொன்னீங்க, அவங்க கை கழுவப் போயிருந்தாங்க. எழுதினது அவங்க இல்ல."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"க்ளினிக்கும் இல்ல. அவங்களுக்கு ரெண்டு மாத்திரைன்னு தெரியும். ஒண்ணுன்னு நீங்க சொன்னது இந்த மேசைல மட்டும்தான். சரி, எழுதினவருக்கு எது தெரியல? டாக்டர் ஆபத்தில்லைன்னு எழுதிக் குடுத்தது தெரியல. அதை எங்கே சொன்னீங்க? தெருவுல, நடக்கிறப்போ. ஆக, எழுதினவருக்கு இந்த மேசைல பேசினது அத்தனையும் தெரியும், வாசலுக்கு வெளியே பேசினது ஒண்ணும் தெரியாது. அக்கா எழுந்து போனப்புறமும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. பக்கத்துல ஆளே இல்லைன்னீங்க, அப்போ அது மனுஷக் காதாக இருக்க முடியாது."

மதியம் தங்கள் மேசைக்கு வந்த டிஷ்யூ ஸ்டாண்டைக் கவிழ்த்து வைத்தார். அடியில் கறுப்பு வில்லை ஒட்டியிருந்தது.

முதலாளி பாய்ந்தார். "டேய்! பட்டன் ஏண்டா இங்கே இருக்கு?"

வெயிட்டர் தலை குனிந்து நின்றார். "அஞ்சு நிமிஷம் பேச்சுச் சத்தம் கேட்கலைன்னா இவர் போனுக்கு மணி அடிக்கும் சார். கழட்டி வெச்சா பிடிபட்டுடுவோம். பையில செருகிக்கிட்டு நின்னா நாங்க பேசுறதெல்லாம் பதிவாகும். போன மாசம் சமையல்காரர்கிட்ட, என் சம்சாரத்துக்குக் குழந்தை தங்கலைன்னு சொல்லி அழுதேன். மறுநாள் காலைல எல்லாரையும் நிக்க வெச்சு அதைப் போட்டுக் காட்டினார். வேலை நேரத்துல அழுகை என்னன்னு கேட்டுச் சிரிச்சார். அதுலேருந்து நாங்க எல்லாருமே, யார் நிறைய பேசுறாங்களோ அவங்க மேசைல வெச்சுடுவோம். அவருக்குப் பேச்சுச் சத்தம் போகணும், அவ்வளவுதானே. நான் எதையும் கேட்கல டீச்சர். என்னைக் காப்பாத்திக்கத்தான் செஞ்சேன்."

"என் மேசைலயா காப்பாத்திக்கணும்?" என்றாள் அவள்.



துப்பறிவாளர் முதலாளியைப் பார்த்தார். "பதிவு வர்றது உங்க போனுக்கு மட்டும். இவங்களை 'வணக்கம் டீச்சர்'னு கூப்பிட்டீங்க. ஓட்டலுக்கு வர்றவங்கள்ல யார் டீச்சர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மறுப்பார் என்று மைத்துனர் கையை முறுக்கிக்கொண்டு தயாராக நின்றார். முதலாளி மறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பு செய்தவன் தலை குனிவான் என்பதெல்லாம் கதையில்தான்.

"என் பேரன் அந்த கிளாஸ்ல படிக்கிறான் சார். நாலு வயசு. கேட்டப்புறம் எப்படிச் சும்மா இருக்கச் சொல்றீங்க? நாலு பெத்தவங்ககிட்டயும் சொன்னேன். நீங்களா இருந்தாலும் சொல்லியிருப்பீங்க. பதிவு பண்றது ஒண்ணும் ஒளிவுமறைவு இல்ல. மெனு அட்டையில கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேன்."

மைத்துனர் அட்டையைப் புரட்டினார். இருந்தது. 'சேவையை மேம்படுத்தப் பேச்சு பதிவு செய்யப்படலாம்.' எறும்பு வரிசை அளவு எழுத்து. படிப்பதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றி அட்டையை மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அவங்களுக்கு ஆபத்தில்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

முதல் தடவையாக முதலாளி தடுமாறினார். "அது தெரியாதே சார். அவங்க அதைப் பேசலையே."

"பேசினாங்க. உங்களுக்குக் கேட்கல. திருட்டுத்தனமாகக் கேட்டீங்க, அதையும் பாதிதான் கேட்டீங்க. அந்தப் பாதியை வெச்சு ஒரு ஜீவனத்தைக் கெடுத்துட்டீங்க."

"வேணும்னா இன்னொரு லெட்டர் எழுதறேன்" என்றார் முதலாளி.

"அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு" என்றாள் ஆசிரியை. "நேத்தே."

போலீசில் புகார் எழுதித் தருவதாகத் துப்பறிவாளர் சொன்னார். எழுதியும் கொடுத்தார். அதனால் முதலாளிக்குப் பெரிதாக எதுவும் ஆகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். பட்டன் விஷயம் வெளியே வந்ததற்கு வெயிட்டர்தான் வேலையை இழப்பார் என்பதும் தெரியும். மறுவாரம் அப்படியே நடந்தது. இந்த மாதிரி விஷயங்களில் அவர் கணக்கு தப்பித் தொலைவதே இல்லை.

வெளியே வந்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம், அதன்மேல் கண்ணீர். "எங்க அக்கா இல்ல சார்! இப்பவே வாங்க. நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."

"நான் வராம இருக்கிறதுதான் நல்லதும்மா."

அவள் கேட்கவில்லை. மைத்துனரும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

தையல் கடையின் பின்பக்கம் ஒரு ஒற்றை அறை. அக்கா கதவைத் திறந்தாள். வாயில் இரண்டு ஊசிகளைக் கவ்வியிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவற்றை எடுத்துச் சட்டைத் துணியில் குத்தினாள்.

"அக்கா, நீ இல்லைன்னு தெரிஞ்சுடுச்சுக்கா! இந்த சார் கண்டுபிடிச்சுட்டார். அந்த ஓட்டல்காரன், ஒரு பட்டனை வெச்சு..." அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை, மாத்திரை, டிஷ்யூ ஸ்டாண்ட், பேரன். எதையும் விடவில்லை. துப்பறிவாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா முழுவதும் கேட்டாள்.

"நான் இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றாள்.

"அக்கா..."

"வாசல்ல நின்னு அழுது சொன்னேன். தெருவே பார்த்துது. அப்போ நம்பல. யாரோ ஒருத்தர் வந்து மாத்திரையை எண்ணிச் சொன்னதும் நம்பிட்ட. அடுத்த தடவை எதாவது காணாமப் போனா இவரைத்தான் கூட்டிக்கிட்டு வருவியா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மைத்துனர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். துப்பறிவாளர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள் அக்கா தங்கையிடம். "எனக்கு நாளைக்குக் குடுக்க வேண்டிய துணி இருக்கு."

கதவு மூடியது. தங்கை அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டாள். கடை பூட்டும்வரை இருந்து பார்த்தாள். அக்கா வெளியே வரவில்லை.