தீவின்மேல் ஏறிய வெள்ளிச்சுறா

கைப்பேசித் திரையில் அந்த நீலப் புள்ளி தீவின்மேல் ஏறிக்கொண்டிருந்தது!

“மச்சான், இங்க பாருங்க. அண்ணன் இருக்குற டக் கப்பல் தரையில போகுது.”

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கஸ்பார் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “உங்கண்ணன் கப்பல்தானட்டி? மரத்துலயும் ஏத்துவான்.”

டெல்பினா சிரிக்கவில்லை. அண்ணன் இக்னாசி, ‘வெள்ளிச்சுறா’ என்ற துறைமுக இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். அவனுக்குப் போன் போகவில்லை. துறைமுக அலுவலகத்தில் கேட்டால், புள்ளி நகர்கிறது, கப்பல் வந்துவிடும் என்றார்கள். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. சிக்னல் எப்போதோ அறுந்துவிட்டது. கப்பல் இருக்குமிடம் காட்டும் செயலி பழைய வேகத்திலேயே வெறும் புள்ளியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அசல் கப்பல் மின்சாரம் செத்து எங்கோ மிதக்கிறது. அந்தப் பக்கம் முழுக்கப் பாறை.

“வள்ளத்த இறக்குங்க மச்சான்!”

கடைசி சிக்னல் வந்த இடத்தில் வெறும் தண்ணீர். கச்சான் காற்று மேற்கிலிருந்து அறைந்தது. எஞ்சின் நின்ற வள்ளம் காற்றோடுதானே போகும்? கஸ்பார் யோசிக்காமல் கிழக்கே விரட்டினான். வெகுதூரம் போயும் ஒன்றுமில்லை.

டெல்பினா செயலியில் கப்பலின் விவரங்களைப் புரட்டினாள். நீளம், அகலம், இழுவிசை. அதன் கீழே, நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம் ஐந்து மீட்டர்.

“அஞ்சு மீட்டர்னா எத்தன பாகம் மச்சான்?”

“மூணு பாகம் கிட்ட வரும். ஏன்?”

“மூணு பாகம் தண்ணிக்குள்ள கிடந்தா அது வள்ளமா, வலையா?”

கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டான். “வலைதான்! காத்தோட போவாது, நீவாட்டோட போயிருக்கும்! கூறுகெட்டவன் நான்!”

அன்று நீரோட்டம் தெற்கே ஓடியது. வள்ளம் தெற்கே திரும்பியது.

அங்கே இருந்தது அது! துறைமுகத்தில் நூறு தடவை பார்த்த கப்பல்தான். ஆனால் கடலில், கீழேயிருந்து, இப்படிப் பார்த்ததில்லை. கறுத்த மதிலாக எழுந்தது, சாய்ந்தது, இறங்கியது. மலைபோன்ற கப்பல்களைத் திருப்பி நிறுத்தும் பிராணி, வெண்ணுரை சீறும் பாறையை நோக்கிச் சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

மேலே இக்னாசியின் தலை தெரிந்தது. “ஏட்டி! நங்கூரம் புடிக்கல! பேட்டரி போச்சி! ஒங்க பேட்டரியத் தாங்க!”

வள்ளத்தில் விளக்குக்கு ஒரு பேட்டரி, மீன் காட்டும் கருவிக்கு ஒன்று. இரண்டையும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள். பாறையில் அலை உடையும் துளி முகத்தில் தெறித்தது. கப்பலுக்குள் எஞ்சின் ஒருமுறை இருமியது. அடங்கியது. மறுபடியும் இருமல்!

புகைபோக்கி கறுப்பாகக் கக்கியது. பின்னால் கடல் கொதித்தது. அடிச்சேறு மேலே சுழன்று வந்தது. அந்த மதில் அப்படியே நின்று, மூக்கைத் திருப்பி, பாறையைவிட்டு விலகியது.

துறைமுகத்துக்குள் வெள்ளிச்சுறா முழங்கிக்கொண்டே நுழைந்தது. பக்கத்தில் கொசுபோல வள்ளம்.

“எப்படிவே கண்டுபிடிச்சிய?” இக்னாசி கத்தினான்.

“ஒந்தங்கச்சிட்ட கேளு மாப்ள,” என்றான் கஸ்பார். “இனி தேடிப் போறதுக்கு முன்னால, காணாமப் போனது வள்ளமா, வலையான்னு நான் மொதல்ல கேட்டுக்கிடுவேன்.”